குளோட் மொனே (1840–1926)

பாரிஸ் நகரில் பிறந்த மொனே மனப்பதிவுவாத ஓவியர்களுள் முதன்மையானவர். லு ஹாவ்ர் துறைமுகத்தின் காலைப்பொழுதைக் காட்டும் இவரது 'மனப்பதிவு: சூரிய உதயம்' என்னும் ஓவியம் 1874 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் ஏளனம் செய்யப்பட்டது. அந்த ஏளனச் சொல்லே பின்னர் இவ்வியக்கத்தின் பெயராயிற்று.

இவர் திறந்தவெளியில் நின்று நிலக்காட்சிகளை வரைந்தார். நிழல்களுக்குக் கறுப்பைத் தவிர்த்து நீலம், ஊதா முதலிய வர்ணங்களைப் பயன்படுத்தினார். ஒளி மாறும்போது பொருளின் நிறமும் மாறும் என்பதைக் காட்ட, 1890–1891 காலப்பகுதியில் வைக்கோற்போர்களை வெவ்வேறு வேளைகளிலும் பருவங்களிலும் மீண்டும் மீண்டும் தீட்டினார்.

முதுமையில் கண்புரை நோயினால் இவருக்கு நிறங்களைப் பிரித்தறிவது கடினமாயிற்று. நிறத்தையே வாழ்வாகக் கொண்டவருக்கு இது பேரிடியாகும். எனினும் இவர் தூரிகையைக் கைவிடவில்லை. 1923 இல் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். ஜிவேர்னியிலுள்ள தமது தோட்டத்து அல்லிக்குளத்தை இறக்கும்வரை தீட்டினார்.