கியர் உதையை அடக்கிய மனுஷன்

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி ரோடு நெரிசலில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுறவங்க இடது காலுக்கு ஓய்வு கொடுத்திருப்பாங்க. அந்த நிம்மதிக்குப் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர், அமெரிக்க இன்ஜினியர் ஏர்ல் தாம்சன்.

1891-ல் பிறந்தவர். அந்தக் காலத்துக் காரில் கியர் மாற்றினால் பல்லோடு பல் உரசி கரகரன்னு கத்தும். இணைய வேண்டிய இரண்டையும் முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கோத்தார். அதுதான் சின்க்ரோமெஷ், 1929 மாடல் காடிலாக்கில் வந்தது. இன்னைக்கு நம்ம வீட்டு மேனுவல் காரிலும் அதே ஐடியாதான்.

மனுஷன் அதோட விடலை. ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு குழுவோடு உழைத்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்தார். நாலு கியர், கிளட்ச் பெடலே கிடையாது. ஆயில் பிரஷரே கியரை மாற்றும். இரண்டாம் உலகப்போரில் டாங்கிகளிலும் ஓடியது.

ரீபில்ட் பண்ணின கியர்பாக்ஸ் ஏன் உதைக்குதுன்னு கேட்டா, முதலில் பார்க்க வேண்டியது அந்த பிரஷரைத்தான். கூடிப்போனால் உள்ளே கிளட்ச் பட்டுனு பிடிக்கும், வண்டி குலுங்கும். ஹைட்ராமேட்டிக்கில் த்ராட்டில் லிங்கேஜ் சரியா செட் ஆகலைன்னா இதே கதைதான். இப்போ பல கார்களில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்குது. ரீபில்ட்டுக்கு அப்புறம் அதோட பழைய கணக்கை அழிச்சு, ஓட்டி ஓட்டிப் புதுசா கத்துக்க விடணும். அதைச் செய்யாம பெட்டியை மறுபடி பிரிக்கிறது வெட்டி வேலை.

1963-ல் தாம்சனுக்கும் அவர் குழுவுக்கும் எல்மர் ஸ்பெர்ரி விருது கிடைத்தது. 1967-ல் இறந்தார்.