சுனிதி சாலமன்: அச்சத்தை அறிவால் எதிர்கொண்ட சென்னை மருத்துவர்

மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவரின் விரலில் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இன்று தெளிவான வழிமுறை உள்ளது. தடுப்பு மருந்து உள்ளது, பரிசோதனை உள்ளது, சட்டப் பாதுகாப்பும் உள்ளது. 1986-ஆம் ஆண்டு சென்னையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டில்தான் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. இரத்தத்தின் வழியே பரவும் நோய்களைக் கண்டு மருத்துவப் பணியாளர் எவ்வளவு அஞ்ச வேண்டும், எவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அவரது வாழ்வு விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

சுனிதி 1938 அக்டோபர் 14 அன்று சென்னையில், தோல் வணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஒருவரே பெண். ஆண்டுதோறும் வீடு தேடி வந்து தடுப்பூசி போட்டுச் சென்ற சுகாதார அலுவலரைக் கண்டதே மருத்துவத்தின் மீது அவருக்கு நாட்டம் ஏற்படக் காரணமாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் விக்டர் சாலமனைச் சந்தித்தார். பின்னாளில் இதய அறுவை மருத்துவரான அவரையே மணந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நோய்க்குறியியல் பயிற்சி பெற்ற சுனிதி, தமது பணி இந்நாட்டிற்கே மிகுதியும் தேவை எனக் கருதி 1973-இல் தாயகம் திரும்பினார். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியராகப் பணியாற்றினார்.

1986: கையுறையின்றி எடுத்த இரத்தம்

எய்ட்ஸ் மேலை நாடுகளின் நோய், அது இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பிய காலம் அது. சுனிதி தம் மாணவியான செல்லப்பன் நிர்மலாவிடம் அதனையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கூறினார். பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகத்திற்குச் சென்று நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை இல்லை; வேறு பாதுகாப்புச் சாதனமும் இல்லை. சுனிதியும் அவருடைய கணவரும் உதவ, சிறிய ஆய்வகம் ஒன்று அமைக்கப்பட்டு, இரத்தத்திலிருந்து சீரம் பிரிக்கப்பட்டது. பிரித்த மாதிரிகள் நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாக்கப்பட்டன.

பரிசோதனை வசதி சென்னையில் இல்லாமையால், 1986 பிப்ரவரியில் அம்மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரயிலில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதனை உறுதி செய்தது. மே மாதத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இச்செய்தியைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இந்த ஆய்வின் இரு குறைகளை இன்று நாம் கூறாமல் விட இயலாது. இரத்தம் எடுத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. இரத்தம் அளித்த பெண்களுக்கோ, அது எதற்காக எடுக்கப்படுகிறது என்பது சொல்லப்படவில்லை. பணியாளரின் பாதுகாப்பு, நோயாளியின் ஒப்புதல் ஆகிய இவ்விரண்டுமே பின்னாளில் சட்டத்தின் வழியே உறுதி செய்யப்பட்டன.

தொட மறுத்த கைகள்

நோய் கண்டறியப்பட்டதும் அச்சம் பரவியது. தொற்றுள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையும் மகப்பேறும் பல இடங்களில் மறுக்கப்பட்டன. சுனிதி இத்தகைய நோயாளிகளிடையே பணிபுரிவதைத் தொடக்கத்தில் அவருடைய கணவரே விரும்பவில்லை. அவர்களது துயரக் கதைகளைக் கேட்டால் எவரும் இப்பணியை விட்டு விலக மாட்டார் என்று சுனிதி அவருக்கு எடுத்துரைத்தார்.

1993-இல் தம் தந்தையின் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மையத்தை நிறுவினார். தியாகராய நகரில் இயங்கிய அம்மையம், பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்திற்கு மாறியது. பிற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கு வந்தனர். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, சிகிச்சை, ஆராய்ச்சி ஆகியவை ஒரே கூரையின் கீழ் நடைபெற்றன. தொற்றுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே திருமண வரன் பார்த்துக் கொடுக்கும் பணியையும் அவர் செய்தார்.

நோயாளியைத் தொடுவதாலோ, அவருடன் பேசுவதாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை, தொற்றுள்ள இரத்தம் உடலினுள் செல்வதே ஆபத்து. ஆகவே காக்க வேண்டியது ஊசி, கத்தி, இரத்தம் ஆகியவற்றிலிருந்தே அன்றி, மனிதரிடமிருந்து அன்று. எவருக்குத் தொற்று உள்ளது என்பதைப் பார்த்து அறிய இயலாது. எனவே எல்லா நோயாளிகளிடத்தும் ஒரே அளவான பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987-இல் வகுத்த பொதுப் பாதுகாப்பு நெறிகளின் அடிப்படையும் இதுவே.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியவை

காயத்திற்குப் பின் உடனே மருந்து உட்கொண்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது என்பது 1995-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. அதன் பின்னர் வகுக்கப்பட்ட நடைமுறை வருமாறு:

• காயத்தைச் சோப்பினாலும் ஓடும் நீரினாலும் கழுவுக. அழுத்திப் பிழிதல், விரலை வாயில் வைத்தல், கிருமிநாசினி ஊற்றுதல் கூடாது. கண்ணில் இரத்தம் தெறித்தால் தூய நீரால் நன்கு கழுவுக.
• உடனடியாகப் பொறுப்பு மருத்துவரிடம் தெரிவித்து, நேரத்துடன் பதிவு செய்க.
• தடுப்பு மருந்து தேவை என மருத்துவர் முடிவு செய்தால், முதல் தவணையை 2 மணி நேரத்திற்குள் உட்கொள்வது நன்று. 72 மணி நேரத்திற்குப் பின் தொடங்குவதால் பயனில்லை. நோயாளியின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.
• மருந்தை 28 நாட்கள் இடைவிடாது உட்கொள்க.
• எச்.ஐ.வி. பரிசோதனையை உடனடியாகவும், பின்னர் 6 வாரம், 3 மாதம், 6 மாதங்களிலும் செய்துகொள்க. அதுவரை இரத்த தானம் செய்யலாகாது. உடலுறவில் ஆணுறை அவசியம்.

தொற்றுள்ள இரத்தம் படிந்த ஊசி குத்தினாலும் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்போ நூற்றுக்கு 6 முதல் 30 வரை ஆகும். பெரிதும் அஞ்சப்படும் நோயைவிட, மறக்கப்பட்ட நோயே இங்கு அதிக ஆபத்தானது. அதற்கு 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் விரைவில் கண்டறிந்தால் மாத்திரைகளால் குணப்படுத்தலாம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, காயத்திற்குப் பிந்தைய தடுப்பு மருந்து ஆகியவற்றைப் பணியாளருக்கு அளிப்பது மருத்துவ நிறுவனத்தின் கடமை என அது கூறுகிறது. பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டுமன்றி, மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இயங்கும் சிறிய மருத்துவகத்திற்கும் இரத்தப் பரிசோதனை நிலையத்திற்கும் இது பொருந்தும். நோயாளியின் இரத்தத்தை எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுத்த அவரது ஒப்புதல் வேண்டும் என்பதையும் இச்சட்டம் உறுதி செய்கிறது.

எனினும், காயத்தை மறைப்பவருக்குச் சட்டத்தாலும் மருந்தாலும் உதவ முடியாது. மூடி போட முயன்ற ஊசியால் குத்துப்பட்ட செவிலியர் திட்டு விழும் என்று அஞ்சி மறைப்பதும், குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திய தூய்மைப் பணியாளர் வேலை போய்விடும் என்று அஞ்சி மறைப்பதும் இன்றும் நிகழ்கின்றன. காயம்பட்டவரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதே மேலதிகாரி செய்யக்கூடிய முதல் உதவி.

சுனிதி சாலமன் 2015 ஜூலை 28 அன்று சென்னையில் மறைந்தார். அவரது பணிக்காக 2017-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் மறைந்த ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் நாளும் ஆகும். மருத்துவத் துறையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் தமது ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிந்துள்ளனவா என இன்றே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. குறித்த ஐயங்களுக்கு 1097 என்னும் கட்டணமில்லா எண்ணையோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தையோ அணுகலாம்.