ஒரு சுத்தமான ஊசி கிடைத்திருந்தால்: ஜியா கராஞ்சியின் 26 ஆண்டுகள்

1986 நவம்பர் மாதம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு சிறிய மண்டபத்தில் 26 வயதுப் பெண் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்தது. உலகின் முன்னணிப் பஷன் சஞ்சிகைகளின் அட்டைகளை அலங்கரித்த முகம் அவருடையது. ஆனால் அந்த உலகிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பலருக்கு அவர் இறந்ததே தெரியாது. அவருக்கு வந்த நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் அது. அந்த நோய் எயிட்ஸ்.

ஜியா கராஞ்சி 1960 ஜனவரி 29 அன்று அதே நகரில் பிறந்தார். தந்தை சாப்பாட்டுக் கடை நடத்தினார். ஜியாவுக்கு 11 வயதானபோது தாய் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். அந்தப் பிரிவின் வலி அவரைக் கடைசிவரை விடவில்லை என்று அவரை அறிந்தவர்கள் நம்பினர்.

பதின்ம வயதின் முடிவில் நியூயோர்க் சென்றார். வில்ஹெல்மினா கூப்பர் என்ற முகவர் அவரைத் தன் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். 1979இல் பிரித்தானிய, பிரெஞ்சு வோக் சஞ்சிகைகளின் அட்டையிலும் 1980 ஓகஸ்டில் அமெரிக்க வோக் அட்டையிலும் ஜியா இடம்பெற்றார். அப்போது அவருக்கு 20 வயது.

அதே 1980இன் மார்ச் மாதத்தில் வில்ஹெல்மினா புற்றுநோயால் இறந்திருந்தார். தாயைப் போல நின்றவரை இழந்த ஜியா ஹெரோயினுக்குள் ஆழமாக விழுந்தார். படப்பிடிப்புகளின் நடுவே எழுந்து போனார். கமராவின் முன் தூங்கினார். அந்த ஆண்டு நவம்பர் வோக் இதழில் வெளியான படங்களில் அவருடைய கையில் ஊசித் தடங்கள் தெரிந்தன. அதைப் பார்த்தவர்கள் அவருக்கு உதவும் வழியைத் தேடியதைவிட, வேறொரு அழகியைத் தேடியதே அதிகம். 1983இல் அவருடைய தொழில் முடிந்துபோனது.

அன்று நியூயோர்க்கிலும் பென்சில்வேனியாவிலும் வைத்தியரின் சீட்டு இல்லாமல் மருந்தகத்தில் ஊசி வாங்க முடியாது. அதனால் போதைக்கு அடிமையானவர்கள் மறைவிடங்களில் கூடி, ஒரே ஊசியைக் கைமாற்றிப் பயன்படுத்தினர். ஊசி ஏற்றும்போது ஒருவரின் இரத்தம் சிறிதளவு அதற்குள் தங்கிவிடும். அடுத்தவர் ஏற்றும்போது அந்த இரத்தமும் அதிலுள்ள கிருமியும் அவருடைய நாளத்துக்குள் நேரே சென்றுவிடும். எச்.ஐ.வி.யும் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரசுகளும் இப்படியே பரவின. ஜியாவுக்கும் ஊசி மூலமே தொற்றியது என்று கருதப்படுகிறது.

அவர் மீள முயன்றார். 1984இன் இறுதியில் ஈகிள்வில் மறுவாழ்வு நிலையத்தில் சேர்ந்து ஆறு மாதங்கள் சிகிச்சை பெற்றார். வெளியே வந்து துணிக்கடையில் வேலை செய்தார். பின்னர் காசாளராகவும் முதியோர் இல்லமொன்றின் சிற்றுண்டிச்சாலையிலும் வேலை பார்த்தார். சில மாதங்களிலேயே போதை மீண்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. 1985 டிசம்பரில் நியூமோனியாவுடன் வைத்தியசாலை சென்றபோது நோய் தெரியவந்தது. 1986 நவம்பர் 18 அன்று உயிர் பிரிந்தது. எச்.ஐ.வி.க்கான முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது அதற்கு நான்கு மாதங்களின் பின்னர், 1987 மார்ச்சில்.

மருந்து வரும் முன்பே தடுக்கும் வழி இருந்தது. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் 1984இலேயே பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டனர். அதைக் கேட்டுப் போராடியவர்கள் போதைக்கு அடிமையானவர்களேதான். அவர்கள் அஞ்சியது ஹெபடைடிஸ் பி நோய்க்கு. ஜியாவின் பிலடெல்பியாவில் 1991இல் எயிட்ஸ் செயற்பாட்டாளர்கள் சட்டத்தை மீறித் தெருவில் ஊசி கொடுத்தனர். 1992இல் மேயர் எட் ரெண்டெல் அதற்கு அனுமதி வழங்கினார். ஜியா இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இன்று உலகில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றுகின்றனர். அவர்களில் எட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி.யும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றும் இருப்பதாக ஐ.நா. மதிப்பிடுகிறது. ஜியாவின் காலத்தில் இல்லாத மருந்துகள் இப்போது உள்ளன. ஹெபடைடிஸ் சி நோயைப் பெரும்பாலும் 12 வாரங்களுக்குள் மாத்திரைகளால் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி. உள்ளவர் மருந்தை ஒழுங்காக எடுத்தால் நீண்ட காலம் வாழலாம்.

ஆனால் அந்த மருந்து கிடைக்க, முதலில் ஒருவர் வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அவமானத்துக்கும் பொலிஸுக்கும் பயந்து ஒளிந்திருப்பவர் அங்கே போவதில்லை. ஜியா இறந்து சில வாரங்களின் பின், அவரைப் பலமுறை படம் பிடித்த பிரான்செஸ்கோ ஸ்கவுல்லோ செய்தி அறிந்து அவருக்கான பூசை அட்டையொன்றை அனுப்பிவைத்தார். பஷன் உலகிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த அனுதாபம் அது. அவர் உயிரோடு இருந்தபோது அது வந்திருக்க வேண்டும்.