நீதி ஆசனத்தில் எம். சி. சாக்ளா

சென்னை ஆழ்வார்பேட்டையின் டி.டி.கே. சாலையை அறியாதார் இலர். அச்சாலைக்குப் பெயர் தந்த நிதியமைச்சரைச் சாட்சியாக நிறுத்தி விசாரித்த நீதிபதி, ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் ஜனாப் எம். சி. சாக்ளா.

1900 செப்டம்பர் 30ஆம் நாள் பம்பாயில் கோஜா வணிகக் குடும்பமொன்றில் பிறந்த முகம்மதலி கரீம் சாக்ளா, ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்று, 1922இல் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார். ஜனாப் முகம்மதலி ஜின்னாவிடம் தொழில் பழகினார். 1928இல் நேரு அறிக்கை குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தபோது அவரை விட்டு விலகினார். தொழில் கற்பித்த பெரியவரைப் பிரிவது எளிய காரியமன்று. 1941இல் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1947இல் தலைமை நீதிபதியானார்.

1957 ஜூன் மாதம் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் 6 நிறுவனப் பங்குகளைச் சுமார் 1 கோடியே 25 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அது பாலிசிதாரர்களின் பணம். ஏழை எளியவர் சேமித்தது. பிரதமர் நேருவின் மருமகனான பெரோஸ் காந்தியே மக்களவையில் இதனை எழுப்பினார். விசாரணைப் பொறுப்பு சாக்ளாவிடம் வந்தது. கதவடைத்து விசாரித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். உள்ளே இடமின்றி வெளியே திரண்டோர் கேட்பதற்காக ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. தென் சென்னை மக்கள் தேர்ந்தெடுத்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் சாட்சியம் அளித்தார். சில வாரங்களிலேயே அறிக்கை வந்தது. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார்.

நேருவுக்கு இம்முடிவு உவப்பாக இல்லை. ஆயினும் அதே ஆண்டில் சாக்ளாவை அமெரிக்கத் தூதராக அனுப்பினார். 1963இல் சாக்ளா கல்வியமைச்சரானபோது, மீண்டும் நிதியமைச்சராகியிருந்த கிருஷ்ணமாச்சாரியும் அதே அமைச்சரவையில் இருந்தார்!

தாத்ரா, நகர்ஹவேலிக்குச் செல்ல இந்திய மண்ணில் வழியுரிமை கோரிப் போர்த்துக்கல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், இந்தியாவின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதியாகவும் அவர் அமர்ந்தார். இத்தகைய வழக்கில் தன் நாட்டவர் இல்லாத தரப்பு ஒரு நீதிபதியைத் தேர்ந்துகொள்ள விதி இடம் தருகிறது. போர்த்துக்கலும் அவ்வாறே செய்தது. 1960 ஏப்ரல் 12ஆம் நாள் வந்த தீர்ப்பு, குடிமக்களுக்கும் சிவில் அதிகாரிகளுக்கும் சரக்குகளுக்கும் வழியுரிமை இருந்தது, படைகளுக்கு இல்லை, இந்தியா தன் கடமையை மீறவுமில்லை என்றது. போர்த்துக்கலுக்கு எவ்வுரிமையும் இல்லை எனச் சாக்ளா தனித்து எழுதினார். சொந்த நாட்டின் வழக்கில் அமர்ந்தவர் கூறிய கருத்தென்று இதனை ஐயுறுவோர் உண்டு. அவ்வையம் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததே தவிர அவர் ஒருவரைச் சேர்ந்ததன்று.

பொது சிவில் சட்டத்தை அவர் ஆதரித்ததை நம் சமுதாயத்தில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதற்காக அவருடைய நேர்மையை மறைப்பதும் நீதியாகாது.

வெளியுறவு அமைச்சராயிருந்தபோது, உயர்கல்வியில் ஆங்கிலத்தை விரைந்து அகற்றும் திட்டத்தை எதிர்த்து 1967இல் பதவி துறந்தார். நெருக்கடிநிலைக் காலத்தில், பலர் வாய்மூடியிருந்த 1975 அக்டோபரில், அகமதாபாத்தில் மேடையேறிக் குடியுரிமைகளுக்காகப் பேசினார். அப்போது அவருக்கு வயது 75. 1981 பிப்ரவரி 9ஆம் நாள் பம்பாயில் காலமானார்.