விண்மீன்களின் காந்தச் சீற்றத்தை அளக்க வழிவகுத்த எம்.பி.

புதுதில்லி: திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், 1956 பிப்ரவரி 16-ம் தேதி மாரடைப்பால் சரிந்து உயிர்நீத்தார் மக்களவை சுயேச்சை உறுப்பினர் மேகநாத் சாஹா. தொலைதூரக் கோள்களில் உயிர்கள் வாழ இயலுமா என்று ஆராயும் விஞ்ஞானிகளுக்கு அவரது சமன்பாடு இன்றும் அடிப்படையாக உள்ளது.

டாக்கா அருகே சிறு கடைக்காரரின் மகனாக 1893-ல் பிறந்தவர் சாஹா. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905-ல் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோனது. கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் அவருடன் அமர்ந்து உண்ண உயர்சாதி மாணவர்கள் மறுத்தனர்.

சூரியனின் வெளியடுக்கில், அயனியாக்கப்பட்ட கால்சியத்தின் ஒளிக்கோடுகள் மிக உயரத்தில் தென்படுவது ஏன் என்ற புதிருக்கு 1920-ல் அவர் விடை கண்டார். வெப்பம் மிகுந்து அழுத்தம் குறையும்போது அணுக்கள் எலக்ட்ரானை இழப்பதை அவரது சமன்பாடு கணக்கிட்டது. வலிய காந்தப்புலத்தால் குளிர்ந்திருக்கும் சூரியக் கரும்புள்ளிகளில் ருபீடியம் தென்படும் என்றும் கணித்தார். அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் அதை உறுதி செய்தார். 1927-ல் லண்டன் ராயல் சங்க உறுப்பினராக சாஹா தேர்வு பெற்றார்.

அதே கால்சியம் கோடுகள்தான் பின்னாளில் விண்மீன்களின் காந்தச் செயல்பாட்டை அளக்கும் கோலாயின. காந்தப்புலம் வலுத்தால் அவை கூடுதலாக ஒளிரும். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகம் 1966 முதல் இவ்வாறு விண்மீன்களைக் கண்காணித்தது. சீற்றம் மிகுந்த விண்மீனை நெருங்கிச் சுற்றும் கோள் தன் காற்று மண்டலத்தையே இழக்கக்கூடும். 2016-ல் கண்டறியப்பட்ட பிராக்சிமா பி கோளைப் பற்றிய ஐயமும் இதுவே.

ஆய்வகத்தோடு நிற்காமல், 1952 தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் போட்டியிட்டு வென்றார் சாஹா. அணுசக்தித் திட்டம் மூடுமந்திரமாக நடப்பதைக் கண்டித்தார். பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என வாதாடினார். வெள்ளத் தடுப்பு, கிழக்கு வங்க அகதிகளின் மறுவாழ்வு ஆகியவற்றுக்காகவும் குரல் கொடுத்தார். அரசை ஓயாமல் விமர்சித்த அவரிடமே நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைமை ஒப்படைக்கப்பட்டது.

அக்குழு பரிந்துரைத்த தேசிய நாள்காட்டி 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. 2023-ல் இஸ்ரோ ஏவிய ஆதித்யா-எல்1 விண்கலத்தில், சூரியனை அதே கால்சியம் ஒளியிலும் படமெடுக்கும் தொலைநோக்கி பொருத்தப்பட்டது.