மண்ணின் மருத்துவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

நிலக்கடலை என்றதும் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் பெயரைச் சொல்வோர் பலர். நிலக்கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து காட்டியவர் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்றுகூடச் சிலர் எழுதிவிடுகின்றனர். அது உண்மையன்று. அவர் தம் வாழ்நாளில் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவற்றுள் ஒன்றுகூடக் கடலை வெண்ணெய்க்கு உரியதன்று. அவர் புரிந்த பெரும்பணி கடலைச் செடிக்கும் கீழே, மண்ணில் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டயமண்ட் என்ற சிற்றூரை அடுத்த பண்ணையில் அவர் பிறந்தார். ஆண்டு 1864 ஆக இருக்கலாம். அடிமைப் பெண்ணின் குழந்தைக்கு நாள் குறித்து வைத்தவர் யார்? கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளைக் கூட்டம் ஒன்று தாயையும் சேயையும் கடத்திச் சென்றது. பண்ணைக்காரர் மோசஸ் கார்வர் ஆளனுப்பித் தேடியதில் குழந்தை மட்டுமே திரும்பி வந்தது. தாய் மேரியைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அடிமைமுறை ஒழிந்த பின்னும் மோசஸும் அவர் மனைவி சூசனும் அந்தப் பிள்ளையையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்களோடு வைத்து வளர்த்தனர். ஜார்ஜ் நோஞ்சான். வயல் வேலைக்கு ஆகாததால் சூசனோடு அடுக்களையிலும் தோட்டத்திலும் இருந்தான். துவைக்கவும் சமைக்கவும் தைக்கவும் அங்கேதான் கற்றான். காட்டு ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் தனக்கென ஒரு சிறு தோட்டம் போட்டு, வாடிய செடிகளைக் கொண்டுபோய் வைத்துப் பிழைக்கச் செய்வான். அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியன் என்றே அழைக்கத் தொடங்கினர்.

அருகிலிருந்த பள்ளி வெள்ளையருக்கு உரியது. ஆகவே சிறுவனாக இருக்கும்போதே நியோஷோ ஊருக்கு நடந்து சென்று, மருத்துவச்சியான மரியா வாட்கின்ஸ் வீட்டில் தங்கிப் படித்தான். அதன் பிறகு கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகத் துணி வெளுத்து, அந்தக் கூலியில் படிப்பு. அங்கே ஒரு கல்லூரி கடிதம் மூலம் இடம் தந்துவிட்டு, நேரில் போய் நின்றபோது நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. 1890-இல் அயோவாவின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அவருடைய செடி ஓவியங்களைக் கண்ட ஆசிரியை எட்டா பட், இவர் வேளாண்மை கற்க வேண்டியவர் என்று கண்டுகொண்டார். அந்த ஆசிரியை இல்லையேல் இந்த வரலாறே இல்லை. 1891-இல் ஏம்ஸ் நகர வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து, 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரும் முதல் கறுப்பின ஆசிரியரும் அவரே.

அந்த 1896-இல் புக்கர் டி. வாஷிங்டன் அவரை அலபாமாவின் டஸ்கீகிக்கு அழைத்தார். நல்ல ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு வந்தவருக்கு அங்கே ஆய்வுக்கூடமே இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பை மேடுகளுக்குப் போனார். உடைந்த புட்டிகள், ஓட்டைப் பாத்திரங்கள், கம்பித் துண்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. மைக்கூட்டில் நூல்திரி இட்டு விளக்காக்கினார். கனமான தேநீர்க் கோப்பை உரலாயிற்று. நாணல் தண்டுகள் குழாய்களாயின.

இனி மண்ணுக்கு வருவோம். பல தலைமுறைகளாகப் பருத்தி, மீண்டும் பருத்தி. வீட்டு வாசற்படி வரை பருத்தியே விதைத்திருந்தார்கள். காய்கறிக்குக்கூட இடமில்லை. மழை மேல்மண்ணை அரித்துச் சென்று நிலம் முழுவதும் ஓடைபோலப் பள்ளங்கள் விழுந்திருந்தன. 1897-இல் மாநிலச் சட்டத்தின்படி டஸ்கீகியில் ஓர் ஆய்வுப்பண்ணை அமைந்தது. அதற்குக் கிடைத்ததோ பத்து ஏக்கர் வறண்ட மணல் நிலம். கார்வர் மண்ணைச் சோதித்தார். தழைச்சத்துக் குறைவு, மணிச்சத்துக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக இலைதழை மக்கிச் சேரும் பொருள் மண்ணில் இல்லவே இல்லை. மக்கு இல்லாத மணலில் நீர் நிற்காது. இட்ட உரமும் நீரோடு போய்விடும்.

கடையில் உரம் வாங்கலாமே என்று கேட்கலாம். உழவர்களுள் பெரும்பாலோர் குத்தகைதாரர். விதைக்கும் உணவுக்குமே கடன். அறுவடை முடிந்ததும் கடன்காரனுக்குப் போக மீதம் ஒன்றுமிராது. இவர்களிடம் உர மூட்டையின் பெயரைச் சொல்வது இன்னொரு கடனைச் சொல்வதாகும். எனவே, காசில்லாதவன் தன் மண்ணை எப்படித் தேற்றுவது என்ற கேள்வியையே கார்வர் எடுத்துக்கொண்டார். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றுக்குக் கடை உரம், ஒன்றுக்குக் காட்டு இலைமக்கும் சதுப்பு வண்டலும், ஒன்றுக்கு எதுவுமில்லை என ஒப்பிட்டுப் பார்த்தார். தட்டைப்பயறு விதைத்து, மறு ஆண்டு அந்த இடத்தில் வேறு பயிர் இட்டார்.

பயறு ஏன் என்பதற்கு விடை அதன் வேரில் இருக்கிறது. தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. 1880-களில்தான் ஜெர்மானிய அறிஞர் இருவர் இதை மெய்ப்பித்திருந்தனர். அந்தப் புதிய அறிவைக் கார்வர் எழுத்தறியாதவரின் வயலுக்குக் கொண்டு சென்றார். உழவர்கள் பயறும் கடலையும் விதைக்கவேண்டும் என்பது மண்ணுக்காக. விளைந்ததை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோதுதான் சமையல் குறிப்புகளும் பிற பொருள்களும் வந்தன. மக்கள் நினைவில் வைத்திருப்பது பின்னதையே.

1905-இல் தேய்ந்துபோன மண்ணைத் தேற்றுவது குறித்தும், 1910-இல் கிராமப் பள்ளித் தோட்டங்களுக்காகவும் எளிய நடையில் வெளியீடுகள் எழுதினார். படிக்கத் தெரியாதவர்களுக்காக 1906-இல் குதிரை வண்டி ஒன்று கிளம்பியது. பணம் உதவிய ஜெசப் என்பவரின் பெயரையே தாங்கிய அந்த வண்டி, கலப்பையும் விதையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, வயலிலேயே செய்து காட்டியது.

மாணவியரே, உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் அவரைப்போல மண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் முதலில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல், கடைசியாகக் களிமண். இலைத்துணுக்குகள் மிதக்கும். எது மிகுதி என்பதைக் கண்ணே சொல்லிவிடும். உலர்ந்த மண்மீது வினிகர் சிறிது ஊற்றினால் நுரைக்கிறதா? அப்படியானால் சுண்ணாம்பு இருக்கிறது. பின்பு இரண்டு தொட்டிகள் எடுத்து, ஒன்றில் வெறும் மண், மற்றதில் அதே மண்ணோடு மக்கிய இலைக் குப்பை. ஒரே நாளில் ஒரே விதையை இரண்டிலும் ஊன்றி, ஒரே அளவு நீர் விடுங்கள். அம்மா சமையலறைக் கழிவைக் கொட்டும் மூலையில் மட்டும் பூசணி ஏன் தழைக்கிறது என்பதும் அப்போது விளங்கும்.

கார்வர் எல்லாவற்றிலும் வல்லவர் என்று எண்ணிவிட வேண்டாம். நிர்வாகம் அவருக்குக் கைவரவில்லை. கோழிப்பண்ணைக் கணக்கு குறித்து வாஷிங்டனோடு ஆண்டுக்கணக்கில் உரசல். அதைவிடப் பெரிய தடை வேறொன்று. குத்தகை உழவன் பாடுபட்டு மண்ணைத் தேற்றினாலும் நிலம் அவனுடையதன்று. அடுத்த ஆண்டு அந்த வயலில் அவன் இருப்பான் என்பதற்கு உறுதியில்லை. இதற்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் விடை காண முடியாது. ஆயினும் காய்கறித் தோட்டத்தால் வயிறு நிறைந்த குடும்பங்களும், கடன் தீர்த்துச் சொந்த நிலம் வாங்கியவர்களும் இருந்தனர்.

1921-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் நிலக்கடலை பற்றிப் பேசப் பத்து நிமிடம் தந்தார்கள். கேட்கக் கேட்க ஆர்வம் மிகுந்து, மேலும் மேலும் நேரம் தந்தனர். அன்றுமுதல் நாடறிந்த மனிதரானார். காந்தியடிகளோடும் கடிதத் தொடர்பு கொண்டு தம் வெளியீடுகளை அனுப்பினார்.

பழைய கோட்டு, அதில் தினமும் ஒரு புதுப் பூ, விடியுமுன் காட்டில் நடை, மணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்த பணத்தை 1940-இல் தொடங்கிய ஆய்வு அறக்கட்டளைக்கே கொடுத்தார். 1943 ஜனவரி 5-ஆம் நாள் மறைந்தார். டஸ்கீகியில் வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தனர். அதே ஆண்டு ஜூலையில், அவர் பிறந்த பண்ணை நாட்டின் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவர் ஒளித்துத் தோட்டம் போட்ட காட்டு ஓரத்தில் இப்போது பார்வையாளர் நடக்கப் பாதை இருக்கிறது.