செஞ்சிக் கோட்டையை இடித்துக் கட்டிய சிவாஜி... 12 வருஷம் கழித்து நடந்தது என்ன?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராட்டியர்களின் 12 கோட்டைகளில் ஒன்றாகத்தான் அந்த அங்கீகாரம் கிடைத்தது. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிராவில் இருக்க, விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டை அந்த லிஸ்டில் வந்தது எப்படி? பதில் சிவாஜியின் வாழ்க்கையில் இருக்கிறது.

யார் இவர்?

1630-ல் சிவநேரி கோட்டையில் பிறந்தவர். அப்பா ஷாஜி, பீஜப்பூர் சுல்தானின் தளபதி. மகனோ அதே சுல்தானின் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, 1674-ல் ராய்கட்டில் முடிசூடிக்கொண்டார்.

தெற்கே வந்தது ஏன்?

வடக்கே முகலாயப் பேரரசர் ஔரங்கசீப். மகாராஷ்டிரா கைவிட்டுப் போனால் ஒதுங்க தெற்கே ஓர் இடம் வேண்டும் என்று சிவாஜி நினைத்ததாக வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கோல்கொண்டா சுல்தானுடன் கூட்டணி வைத்து 1677-ல் படையோடு வந்தார். பீஜப்பூர் வசம் இருந்த செஞ்சியைப் பிடித்தார். தஞ்சாவூரை ஆண்ட, மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜியிடம் அப்பா சொத்தில் பங்கு கேட்டதும் இந்தப் பயணத்தில்தான்.

கோட்டையில் என்ன மாற்றினார்?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என 3 மலைகளை இணைக்கும் கோட்டை இது. பழைய கட்டுமானங்கள் பலவற்றை இடித்துவிட்டு, புது மதில், கொத்தளம், அகழி என்று வேலை நடந்தது. அந்தக் கால ஏசு சபை பாதிரியார்களின் கடிதங்களிலேயே இது பதிவாகியிருக்கிறது.

ஆனால் இந்தக் கோட்டை சிவாஜிக்குப் பயன்படவே இல்லை. 1680 ஏப்ரலில், 50 வயதில் ராய்கட்டில் இறந்துபோனார்.

அப்போ, செலவெல்லாம் வீணா?

இல்லை. 1689-ல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். ராய்கட்டும் விழுந்தது. இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து சேர்ந்த இடம், அப்பா சீரமைத்த செஞ்சி! மராட்டிய அரசின் தலைநகரமே இங்கு மாறியது.

1690-ல் முகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-ல்தான். அதற்குள் ராஜாராம் தப்பித்து மகாராஷ்டிரா போய்விட்டார். மராட்டிய அரசு பிழைத்தது.

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால் ராஜகிரி உச்சிக்கு ஏறும் அவசரத்தில், கீழே இருக்கும் மதிலைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.